அமலியின் வலது மணிக்கட்டு

பணி நிறைவு விழாவில் என் கையில் மைக்கைத் திணித்து, "மேடம், உங்க சர்வீஸ்ல மறக்கவே முடியாத ஒரு கேஸ் சொல்லுங்க" என்றார்கள் கூட வேலை பார்த்த பிள்ளைகள். முகம் கோணிப்போய் வந்து, நான்கே வாரத்தில் சிரித்துக்கொண்டு திரும்பிப் போன ஒரு கணக்கு வாத்தியாரைப் பற்றிச் சொன்னேன். கைதட்டினார்கள். கேக் வெட்டினோம். வாத்தியார் கதை உண்மைதான். ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

போன வாரம் நித்யா போனில் குரல்பதிவு அனுப்பியிருந்தாள். நான் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது உட்காருகிற பெண். "மேடம், புது மெஷின் எல்லாத்தையும் அதுவே எண்ணிச் சொல்லிடுது. ஸ்பீக்கர் எதுக்குன்னே தெரியல, ஆஃப் பண்ணி வச்சிட்டோம். நீங்க எப்பப் பாத்தாலும் மழை மழைன்னு ஏதோ சொல்வீங்களே, அது இன்னா மேடம்?"

அவளுக்குத்தான் இதை எழுதுகிறேன். மைக்கில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து.

ஆஸ்பத்திரியில் எங்கள் அறைக்கு ஒரு பெயர்ப்பலகை உண்டு. யாரும் அதைப் படித்ததில்லை. நோயாளிகளுக்கு அது 'கரண்ட் ரூம்'. நரம்பில் சின்னதாக ஒரு மின்துடிப்பைத் தட்டிவிட்டு, அது தசைக்குப் போய்ச் சேருகிறதா, எவ்வளவு நேரத்தில் சேருகிறது என்று பார்ப்பது என் வேலை. ஊசியைத் தசைக்குள் இறக்கி உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்பது டாக்டரின் வேலை. சென்னையில் இரண்டு வருடம் படித்தேன். அந்த இரண்டு வருடத்தை இரண்டு வரியில் சொல்லிவிடலாம்: விடுதிச் சோறு, ஓயாத தலைவலி. நான் கற்றுக்கொண்டதெல்லாம் புதுச்சேரிக்கு வந்த பிறகு, டாக்டர் வசுமதியிடம்.

குள்ளமான மனுஷி. குரலை உயர்த்தியே பார்த்ததில்லை. ஊசியை எடுப்பதற்கு முன் "ஃபேனை நிறுத்துங்க" என்பார். மே மாதமானாலும் அதில் மாற்றமில்லை. ஃபேன் ஓடினால் அதன் இரைச்சல் மெஷினுக்குள் புகுந்துவிடும். அறை புழுங்கும். அவர் ஊசியை இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். திரையைப் பார்க்க மாட்டார். ஸ்பீக்கரைக் கேட்பார். கேட்டு முடித்த பிறகுதான் கண்ணைத் திறந்து திரையில் சரிபார்ப்பார். ரிப்போர்ட்டின் அடியில் சிவப்பு மையில் ஒரு தேதி எழுதுவார்: நரம்பு போன தேதி. கல்யாணத் தேதி மறந்தவர்களிடம்கூட அந்தத் தேதியைக் கிண்டிக் கிளறி வாங்கிவிடுவார்.

எனக்கு அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. மின்தகடு ஒட்டுவதற்கு முன் தோலைச் சொரசொரப்பான பசை போட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு ஸ்பிரிட். பிறகுதான் தகடு. "தோல் செவக்கணும். செவக்கலன்னா நீங்க தேய்க்கல."

சிவப்புத் தேதி எதற்கு என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். அன்று மத்தியானம் நோயாளிகள் குறைவு. டப்பாச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"நரம்பு வந்து தசைகிட்ட ஒரு துளி மருந்தைச் சொட்டும், கஸ்தூரி. அசிட்டைல்கோலின். அதைக் கேக்கறதுக்குத் தசைக்குக் காது இருக்குது. புஸ்தகத்துல 'ஏற்பி'ன்னு போட்டிருப்பான். வயித்துல இருக்கிற கொழந்தையோட தசையில அந்தக் காது ஒடம்பு பூரா பரவி இருக்கும். நரம்பு எங்கேர்ந்து வரும்னு தெரியாதில்ல? நரம்பு வந்து ஒரு எடத்தைத் தொட்டதும், எல்லாக் காதும் அந்த எடத்துக்கு வந்து கூடிடும். மத்த எடமெல்லாம் செவிடு. பெரியவங்க தசைன்னா அதுதான். ஒரே ஒரு எடத்துல கேக்கும்."

"நரம்பு அறுந்துட்டா?"

"மறுபடி ஒடம்பு பூரா காது. அதுவும் பெரியவங்க காது இல்ல, அந்தப் பழைய கொழந்தைக் காது. எந்தப் பக்கம் வந்தாலும் பிடிச்சுக்கலாம்னு காத்துக்கிட்டு நிக்கும். அதனாலதான் தேதி. கை கால் விழுந்து பல நாள் ஆனவங்களுக்குத் தெரியாம ஒரு வகை மயக்க ஊசியைப் போட்டுட்டா, அத்தனை காதும் ஒரே நேரத்துல கேட்டுடும். தசையில இருக்கிற பொட்டாசியமெல்லாம் ரத்தத்துல கொட்டி இதயம் நின்னுடும்."

தண்ணீர் குடித்துவிட்டு இதையும் சொன்னார்: "ஆம்பள பொம்பள வித்தியாசம்கூட உண்டு. சில பிராணிங்க ஒடம்புல, ஆண் ஹார்மோன் இருந்தாத்தான் சில தசையே நெலைக்கும், அதோட காதும் நெலைக்கும். நம்மகிட்டயும் பாரு, தசையைத் தளர வைக்கிற மருந்து சிலது பொம்பளைக்குக் கொஞ்சம் கம்மியாப் போட்டாலே போதும்."

நரம்பு இழந்த தசை சும்மா இருப்பதில்லை. யாரும் கூப்பிடாமலே தனக்குள் துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஊசி வழியாக ஸ்பீக்கரில் கேட்டால், தகரக் கூரையில் தூறல் விழுகிற சத்தம். டப், டப், டப், டப். ஒரே சீராக, விடாமல். அதுதான் நித்யா, நான் சொன்ன மழை.

இனி அமலி.

அமலோற்பவம் என்பது ஞானஸ்நானப் பெயர். மரக்காணத்தில் அவள் வீடும் என் வீடும் ஒரே தெருவின் இரண்டு முனைகள். பள்ளிக்கூட லீவு விட்டால் இருவரும் அவரவர் அம்மாவோடு உப்பளத்துக்குப் போவோம். பாத்தியில் இறங்குவதற்கு முன் விளக்கெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் உப்புத் தண்ணீர் தோலை அறுத்துவிடும். தன் கையால் தனக்கே தடவினால் முழங்கைக்குப் பின்னால் எட்டாது. அதனால் பெண்கள் சோடி சேர்ந்துகொள்வார்கள். எனக்கு அமலி, அமலிக்கு நான். அவள் அழுத்தித் தேய்ப்பாள். "சும்மா தடவுனா எண்ணெ மேலயே நிக்கும்டி, உள்ள எறங்கணும்" என்பாள்.

நான் படிக்கப் போனேன். அவள் கல்யாணத்தன்று எனக்குப் பரீட்சை. அடுத்த லீவில் போய்ப் பார்க்கலாம் என்று இருந்தேன். அடுத்த லீவில் வெட்கமாக இருந்தது. அதற்கடுத்ததில் வெட்கம் இன்னும் பெரிதாகிவிட்டது. அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. வேலை கிடைத்து, தினமும் மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் போய் வந்தேன். சாலையோரம் பாத்திகள் வெள்ளையாய் ஓடும். குனிந்திருக்கும் முதுகுகளில் ஒன்று அவளுடையது. எது என்று பார்க்காமல் இருப்பதற்காகவே கடல் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்து பழகிக்கொண்டேன். இருபது வருடம்.

ஒரு ஜூன் மாதம், கரண்ட் ரூம் வாசல் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். உப்புக் கூடையோடு வரப்பில் வழுக்கி விழுந்து வலது மேல்கை எலும்பு முறிந்து, கட்டுப் போட்டுப் பிரித்தாயிற்று. எலும்பு கூடிவிட்டது. மணிக்கட்டு மட்டும் எழவில்லை. எலும்பைச் சுற்றிக்கொண்டு போகும் நரம்பு நசுங்கியிருந்தது. உள்ளங்கை தரையைப் பார்த்துத் தொங்கியது, துவண்ட பூ மாதிரி.

"பேர் சொல்லுங்க" என்றேன், பேனாவைப் பார்த்துக்கொண்டு.

"ஓ, பேரு வேற சொல்லணுமா? எழுதிக்கோங்க மேடம். அமலோற்பவம். கணவர் பேரு வேணுமா? அவரத்தான் நீங்க பாத்ததே இல்லியே."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் சிரித்தாள். "அழுவாதடி கஸ்தூ. கை தொங்கறது எனக்கு."

அன்று தகடு ஒட்டவில்லை, ஊசி மட்டும்தான். அவள் முன்கைத் தசையில் டாக்டர் அதை இறக்கியதும், மூடிய அறையில் மழை பிடித்துக்கொண்டது. அடைமழை. அமலி கூரையை நிமிர்ந்து பார்த்தாள். டாக்டர் கண்ணைத் திறக்காமலே, "நல்லது. தசை உயிரோட காத்துக்கிட்டு இருக்குது. நரம்பு வளர்ந்து வரணும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வரும்" என்றார்.

"எங்க ஊரு பஸ்ஸே தேவலாம் போலிருக்குதே" என்றாள் அமலி. டாக்டர் வசுமதி சத்தமாகச் சிரித்ததை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான்.

அதன் பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை கைப்பயிற்சிக்கு வருவாள். மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்க ஒரு பட்டை கொடுத்திருந்தார்கள். பயிற்சி முடிந்ததும் என் அறைக்கு வந்து உட்காருவாள். சேர்ந்து சாப்பிடுவோம். சேர்ந்தே பஸ் ஏறுவோம். இருபது வருடத்துக் கதையை அவள் தவணை தவணையாகச் சொன்னாள். ஒருநாள் அந்த ஆண் பெண் மருந்து விஷயத்தை அவளிடம் சொன்னேன். "மருந்துலயும் பொம்பளைக்குக் கம்மியா? கூலியிலதான்னு நெனச்சேன்" என்றாள். அவள் கை எழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளாத நாள் இல்லை. கை எழுந்துவிட்டால் இவள் வர மாட்டாள் என்று நினைக்காத நாளும் இல்லை. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மாதங்கள் போயின. கை எழவில்லை. பிப்ரவரி வந்தது. உப்பு சீசன் தொடங்கிவிட்டது. பலகை பிடித்து உப்பு வாருவதற்கு மணிக்கட்டு நிமிர வேண்டும். தொங்குகிற கையோடு அவளை எந்தப் பாத்தியில் இறக்குவார்கள்? இருந்தாலும் ஒற்றைக் கையால் தண்ணீர் பாய்ச்சுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அன்று நேரே பாத்தியிலிருந்து வந்தாள், எண்ணெய் மினுங்கிய கையோடு. அதன்மேல் உப்பு காய்ந்து பூத்திருந்தது. முன்கை முழுக்க வெடிப்பு. வெடிப்புக்குள் சிவப்பு.

டாக்டர் வசுமதி மருத்துவ முகாமுக்குப் போயிருந்தார். "தகடு ஒட்டற மேல் சோதனையை மட்டும் எடுத்து வைங்க, ஊசி அடுத்த வாரம்" என்று சொல்லியிருந்தார். பசையை விரலில் எடுத்தேன். அந்த வெடிப்பைப் பார்த்தேன். இருபது வருடம் நான் தொடாத கை. முதல் வேலையாக அதைத் தேய்த்து ரத்தம் வர வைப்பதா? பஞ்சால் ஒற்றி எடுத்தேன். ஸ்பிரிட் எரியுமே என்று ஈரத்துணியால் துடைத்தேன். தகட்டை ஒட்டித் துடிப்பைத் தட்டினேன். திரையில் நேர்கோடு. மறுபடி தட்டினேன். நேர்கோடு.

'பதில் இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். எலும்பு டாக்டர் அதைப் பார்த்தார். எட்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, இனி நரம்புக்காகக் காத்திருப்பதில் அர்த்தமில்லை என்றார். நன்றாக வேலை செய்யும் தசைநார்களில் சிலவற்றை எடுத்துத் திருப்பிக் கட்டினால் மணிக்கட்டு நிற்கும். அடுத்த வாரமே அறுவைக்குத் தேதி குறித்துக் கொடுத்தார். நல்ல அறுவைதான் அது. எத்தனையோ பேருக்குக் கை கொடுத்திருக்கிறது. ஆனால் எடுத்துக் கட்டியதைத் திரும்பப் பழைய இடத்தில் வைக்க முடியாது.

அமலிக்கு ஒரே சந்தோஷம். "வெட்டட்டும்டி. காத்திருந்து காத்திருந்து எனக்கே வேர் வுட்டுடுச்சு" என்றவள் பஸ் ஏறியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். பஸ் பிடிக்கிற அவசரத்தில் நான் கையைக்கூடக் கழுவியிருக்கவில்லை. எனக்கு நகம் கடிக்கும் பழக்கம் உண்டு. அனுமந்தை நிறுத்தம் தாண்டும்போது விரலை வாயில் வைத்தேன்.

உப்பு கரித்தது. உப்புக்கு மேல் விளக்கெண்ணெய் வாசம்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் விரலுக்கு இவ்வளவு வந்திருக்கிறதென்றால், தகட்டுக்கு அடியில் எவ்வளவு இருந்திருக்கும்? எண்ணெய் மின்துடிப்பை மறித்திருக்கும். ஈரத்தில் கரைந்த உப்பு ஒரு தகட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் போட்டிருக்கும். பெரிய பதில் என்றால் அதையும் மீறித் தெரிந்திருக்கும். இப்போதுதான் முளைத்து வருகிற, குண்டூசி முனை மாதிரியான பதில் என்றால்? நான் பார்த்த நேர்கோடு அமலியின் தசையா, அவள் தோல் மேலிருந்த உப்பா?

தோளில் அவள் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. எழுப்பிச் சொல்லவில்லை.

மறுநாள் காலை டாக்டர் வசுமதி பையைக் கீழே வைப்பதற்குள் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

"எத்தனை பேருக்கு இந்த மாதிரி இரக்கப்பட்டிருக்கீங்க?"

"இவளுக்கு மட்டும்தான் டாக்டர்."

"தோலைப் பாத்து இரக்கம் வந்துச்சு. சரி. தோலுக்கு அடியில ஒண்ணு எட்டு மாசமா ஒடம்பெல்லாம் காதா நின்னுக்கிட்டு இருக்குதே. அதுக்கு யாரு இரக்கப்படறது?"

போனை எடுத்து எலும்பு டாக்டரிடம், "நேத்து போன ரிப்போர்ட்டை வச்சு எதுவும் செய்யாதீங்க. எங்க ரூம் தப்பு. திரும்ப எடுக்கறோம்" என்றார். 'எங்க ரூம்' என்றார். என் பெயர் அந்த அறையை விட்டு வெளியே போகவில்லை.

அமலிக்குத் தகவல் அனுப்பினேன்: மெஷின் ரிப்பேர், மறுபடி வர வேண்டும்.

வந்தாள். சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவச் சொன்னேன். பிறகு பசையை எடுத்துத் தேய்த்தேன்.

"ஏய், இன்னாடி இது, செம்பு வெளக்குற மாதிரி தேய்க்கிற! உனுக்கு என்மேல இன்னா கோவம்?"

வெடிப்பு ஒன்றில் பொட்டாக ரத்தம் கசிந்தது. நிறுத்தவில்லை. தோல் சிவந்தது. ஸ்பிரிட் பட்டதும் பல்லைக் கடித்தாள். தகடு ஒட்டித் துடிப்பைத் தட்டினேன். திரையில் கோடு ஓடியது, ஓடி, ஓரிடத்தில் சின்னதாகப் புடைத்தது. எறும்புப் புற்று அளவுதான். மறுபடி தட்டினேன். அதே இடத்தில் அதே புடைப்பு. டாக்டர் ஊசியை எடுத்தார்.

"ஃபேனை நிறுத்துங்க."

ஊசி இறங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். மழை இல்லை. அங்கொன்று இங்கொன்றாய்ச் சில சொட்டுகள். இந்த அமைதிக்கு இரண்டு அர்த்தம் உண்டு. காத்திருந்து சலித்துத் தசை நாராகிப் போனாலும் மழை நின்றுவிடும். நரம்பு வந்து தொட்டாலும் நின்றுவிடும்.

"அமலி, கையைத் தூக்கப் பாருங்க."

"எழாது டாக்டரம்மா."

"எழ வேணாம். எழுப்பணும்னு நெனைங்க."

அமலி உதட்டை மடித்துக்கொண்டு நினைத்தாள். கை அசையவில்லை. ஸ்பீக்கரில் ஒரு சரசரப்பு, சருகைக் கையில் கசக்கினாற்போல. நினைப்பதை விட்டாள், அதுவும் நின்றது. நினைத்தாள், வந்தது.

"கேக்குது" என்றார் டாக்டர். அவ்வளவுதான் அவர் சொன்னது. கண்ணைத் திறக்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

அறுவை நின்றது. மே மாதம் மணிக்கட்டு எழுந்தது. ஆகஸ்டில் விரல்கள். அதற்குப் பிறகு அமலி வரவில்லை. வருவதற்குக் காரணம் இல்லை. அவளுக்குப் பாத்தி இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், கை இருந்தது. நரம்பு வந்து தொட்டதும் மற்ற காதுகளெல்லாம் மூடிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாததா? ஆனால் ஒவ்வொரு சீசனிலும் முதல் உப்பில் ஒரு பை, யார் கையிலாவது, என் வீட்டுக்கு வந்துவிடும். 'கையைக் காப்பாத்துன கஸ்தூவுக்கு' என்று சொல்லி அனுப்புவாள். அந்த உப்பைத்தான் பன்னிரண்டு வருடமாகச் சாப்பிட்டேன். அந்தச் சொல்லை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. பஸ்ஸில் கடல் பக்கத்து ஜன்னலை மட்டும் விட்டுவிட்டேன். பாத்திப் பக்கம் உட்கார்ந்து, குனிந்திருக்கும் முதுகுகளில் எது அவளுடையது என்று தேடிக்கொண்டே போய் வந்தேன்.

ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு ஏன் என்று எல்லோரும் கேட்டார்கள். அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை என்றேன். நித்யாவின் குரல்பதிவு வந்த மறுநாள், பொழுது விடிந்ததும் நடந்தே போனேன். அமலி வரப்பின்மேல் எண்ணெய்ப் புட்டியோடு இருந்தாள். தலை நரைத்திருந்தது. நின்றபடியே சொல்ல ஆரம்பித்தேன்: அன்னைக்கு மெஷின் ரிப்பேர் இல்ல அமலி...

"தெரியும்டி."

"இன்னா தெரியும்?"

"மொத நாளு, கொழந்தைக்குப் பவுடர் போடற மாதிரி தொட்ட. அடுத்த தடவ ரத்தம் வர தேய்ச்ச. மெஷினுக்கா ரிப்பேரு? பாத்தியில எண்ணெ தேய்ச்சு வளந்தவளுக்கு, தொடறதுக்கும் தேய்க்கறதுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

"அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீயா வந்து சொல்வேன்னு பாத்தேன். சொல்லட்டும்னுதான் வருஷா வருஷம் உப்பு அனுப்புனேன். நீ உப்பைத் தின்னுட்டுக் கம்முனு இருந்துட்ட."

அவள் என் கையைப் பிடித்து இழுத்து வரப்பில் உட்கார வைத்தாள். புட்டியைக் கவிழ்த்து என் முன்கையில் எண்ணெய் ஊற்றினாள்.

"எதுக்குடி? நான் பாத்தியில எறங்கப் போறதில்ல."

"சும்மா காட்டு."

வலது கையால் தேய்க்கத் தொடங்கினாள். உள்ளங்கை கீழே போகும்போது மணிக்கட்டு வளைந்தது. மேலே வரும்போது நிமிர்ந்தது. வளைந்தது, நிமிர்ந்தது. முழங்கைக்குப் பின்னால், என் கை எனக்கு எட்டாத இடத்தில், அழுத்தித் தேய்த்தாள். தோல் சிவந்தது.

"வலிக்குதாடி?"

"வலிக்குது."

"வலிக்கட்டும்" என்றாள். நிறுத்தவில்லை. நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.